கிளிமீனுக்கும் எனக்கும் உள்ள வழக்கு

அந்தப் பையில படம் போட்டிருக்க மீனைக் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்பி வைங்க தம்பி. கோவிச்சுக்கிடாதிய. பஸ்சு வேம்பார் போற வரைக்கும் அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால வர முடியாது.

தெரியும், அழகான மீனுதான். நீலமும் பச்சையும் கலந்த உடம்பு, வாயோரத்துல ரோஸ் கலருல மீசை வரைஞ்ச மாதிரி ஒரு கோடு. பாக்கவன் எவனும் பையில போடத்தான் செய்வான். கிளிமீனு. கிளிக்கு இருக்க மாதிரி மூக்கு இருக்குல்லா, அதனால அந்தப் பேரு. ஆனா அது மூக்கு இல்ல, பல்லு. எல்லாப் பல்லும் ஒண்ணா ஒட்டி அலகு மாதிரி ஆயிருக்கும். அந்த அலகு என்ன வேலை பாக்கும்னு பையில படம் போட்டவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கடல் படிக்கியளா? காலேஜிலயா? அப்பன்னா நீங்க கேக்கணும். நான் யாருகிட்டயும் போய் நியாயம் கேட்டவன் கிடையாது. இருந்தாலும் கேட்டுட்டுச் சொல்லுங்க.

எம்பேரு தொம்மை. வயசு அறுபத்திநாலு. இப்பவும் ரெண்டு பாகம், அதாவது ரெண்டு ஆள் ஆழத் தண்ணியில காத்துக்குழாய் ஒண்ணும் இல்லாம எறங்கி, மூணு அருள்நிறைந்த மரியே சொல்லி முடிக்க வரைக்கும் கீழ நிப்பேன். எங்க ஊருல எம்வயசுல அப்படி நிக்க இன்னொரு ஆளு கஸ்பாரு. அவனும் ரெண்டோட மேல வந்துருவான்.

நீங்க அடுத்து என்ன கேப்பியன்னும் தெரியும். "பெரியவரே, நீங்க முன்னால பவளக்கல்லு ஒடைச்சவருதானே"ன்னு. எல்லாரும் அதைத்தான் கேக்காவ. ஆமா. ஒடைச்சேன். பதினாறு வயசுல எங்கப்பா கையில கடப்பாரையக் குடுத்தாரு. இருபத்திரெண்டு வருசம், வள்ளம் வள்ளமா. சுண்ணாம்புச் சூளைக்குப் போச்சு. கல்லாவும் போச்சு, அஸ்திவாரத்துக்கு. இந்த ரோட்டோரத்துல இருக்க பழைய வீட்டையெல்லாம் இடிச்சுப் பாருங்க, உள்ள நான் ஒடைச்ச கல்லு இருக்கும். அப்ப ஒருத்தனும் பாவம்னு சொல்லல. சட்டம் வந்துச்சு, விட்டாச்சு. எங்க ஊருக்கு எதுக்க கடலுக்குள்ள இருக்க தீவு பாதியாத் தேஞ்சு போச்சுன்னா அதுக்கு நானா பொறுப்பு? கடல் எடுத்துட்டுப் போச்சு. கடல்கிட்டப் போய்க் கேளுங்க.

விடுங்க. மீனுக்கு வாரேன்.

போன வருசம் கிறிஸ்மசுக்கு ரெண்டு மாசம் முன்னால ஆராய்ச்சிக்காரங்க எங்க ஊருக்கு வந்தாவ. செத்துப்போன பாருல, அதான் கடலடிப் பவளப்பாறையில, திரும்பப் பவளம் நடப் போறோம், முக்குளிக்க ஆளு வேணும்னு கேட்டாவ. அதுக்குத் தலைமை ஒரு புள்ள. சிந்துஜான்னு பேரு, முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். பொறந்தது தருமபுரியாம். தருமபுரியில ஏது கடலு? காலேஜு வந்த பொறகுதான் மொத மொதல்ல கடலப் பாத்துச்சாம். அந்தப் புள்ள எனக்குச் சொல்லிக் குடுக்குது, பவளம் உசுரு உள்ளதுன்னு. இருபத்திரெண்டு வருசம் தொட்டவன் நான். ஒடைக்கும்போது கையில ஒரு வழவழப்பு ஒட்டும், ஒரு வாடை வரும். உசுரு உள்ளதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும்.

வேலை இதுதான். நல்லா இருக்க பவளத்துலருந்து விரல் நீளத்துக்குக் கொம்பு கொம்பா எடுத்து, சிமெண்டுப் பலகையில நைலான் நூலால கட்டணும். முருங்கைக் கொம்பு வச்சா முளைக்கில்லா, அது மாதிரி முளைக்கும்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. நாப்பது பலகை, பலகைக்கு ஒம்பது கொம்பு. நானும் கஸ்பாருமா பாதிக்கு மேல கட்டினோம். கஸ்பாரு கட்டுனது ரெண்டாம் நாளே ஆடும். நான் கட்டுனது ஆடாது.

ஒரு மாசம் கழிச்சு எறங்கிப் பாக்கேன், எம்பலகையில ஒரு கொம்போட நுனி வெள்ளையா இருந்துச்சு. செத்துட்டோன்னு நெனச்சுக் கிட்டப் போனா, புதுசா வளந்த நுனி. நகம் அளவு. கீழ சிமெண்டுலயும் மெழுகு உருகி ஓடுன மாதிரி பரவி ஒட்டிக்கிட்டிருக்கு. அதைப் பாத்து எனக்கு ஒண்ணும் தோணல. கூலிக்கு வந்த வேலை. ஆனா வேலைன்னா ஒழுங்காச் செய்யணும்ல, அதனால தெனமும் எறங்குன ஒடனே மொதல்ல அந்த நுனியப் பாத்துட்டு அப்புறம் மத்த வேலைக்குப் போவேன். பிலோமி, அதான் என் வீட்டுக்காரி, ராத்திரி சோறு போடும்போது கேப்பா, "இன்னைக்கு எவ்வளவு இருக்கு?"ன்னு. அவளுக்குத் தெரியணும்ல. நான் விரல்ல காட்டுவேன்.

அந்த நுனியத்தான் அது கடிச்சுது.

நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே கடிச்சுது தம்பி. முழங்கை நீளம் இருக்கும், நீலப் பெருசு. அதுக்குப் பின்னால அஞ்சாறு காப்பிக் கலரு மீனு, சின்னது. கூட்டமா வந்து ஒவ்வொண்ணும் தலையைக் குனிஞ்சு, நறுக், நறுக். தண்ணிக்குள்ள நல்லாக் கேக்கும். கல்யாண வீட்டுல வரிசையா ஒக்காந்து முறுக்குக் கடிக்கிற மாதிரி சத்தம். கடிச்சிட்டு நாலடி தள்ளிப் போய் வெள்ளையாப் புகை மாதிரி கழிஞ்சிட்டுப் போவுது.

மேல வந்து அந்தப் புள்ளகிட்டச் சொன்னேன். அது சிரிச்சுச்சு. அந்த மீனுக்குத் தொண்டைக்குள்ள இன்னொரு பல்லு வரிசை இருக்காம், அம்மி மாதிரி. கல்லை அங்க போட்டு அரைச்சு, மேல இருக்க பாசிய மட்டும் தின்னுட்டு, மிச்சத்த மணலா வெளிய விட்டுருமாம். ஒரு பெரிய மீனு வருசத்துக்கு மூடை மூடையா மணல் போடுமாம். எங்க தீவோட மணலுல பாதி இந்த மீனு போட்டதுதான்னு சொல்லுது.

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. அந்தத் தீவுலதான் எங்க அந்தோணியார் சிலுவை நிக்கி. வருசா வருசம் ஊரே போய் அந்த மணல்ல ஒக்காந்துதான் அசனம், அதான் ஊர்ப்பந்தி, சாப்பிடுதோம். அது மீன் பீயாம். தருமபுரியில பொறந்த புள்ள சொல்லுது, நான் கேட்டுக்கிட்டு வரணும்.

"அண்ணே, அது பாசி திங்கத்தான் வருது. போற போக்குல ஒண்ணு ரெண்டு கொம்புல வாய் வைக்கும். விட்டுருங்க. அது இல்லன்னா பவளம் இல்ல"ன்னுச்சு.

நான் விடல. எறங்கும்போதெல்லாம் கையை வீசி வெரட்டுனேன். வெரட்டுனா ஓடும், நான் மூச்செடுக்க மேல போனதும் வந்துரும். நான் மேல போற நேரம் அதுக்குத் தெரியும். பலகையிலயே காவல் இருக்க எனக்கு என்ன செவுளா இருக்கு?

அதனால ஒரு நா மீன் குத்துற கம்பிய எடுத்துட்டுப் போனேன். அங்க மீன் குத்தக் கூடாதுன்னு சட்டம். எனக்கும் தெரியும். நீங்க எழுதிக்கிட்டாலும் சரி. அந்தப் புள்ள அன்னைக்கு வரல. நீலப் பெருசு எம்பலகை மேல குனிஞ்சிருக்கும்போது செவுளுக்குப் பின்னால வச்சு எறக்குனேன். வள்ளத்துல போட்டா, கஸ்பாரு காலை மடக்கிக்கிட்டுத் தள்ளி ஒக்காருதான். கரைக்கு வாரதுக்குள்ள அந்த நீலம் எல்லாம் போயி சாம்பலா ஆயிட்டு. பிலோமி கொழம்பு வச்சா. வச்சிட்டு அவ திங்கல. ஏன்னு கேட்டதுக்கு, எனக்கு மோருச் சோறு போதும்னுட்டா. நான் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.

ரெண்டு நாள் நிம்மதி. காப்பிக் கலரு மீனுங்க மட்டும் அங்கிட்டும் இங்கிட்டுமா அலைஞ்சுது, தலைவன் இல்லாத கூட்டம் மாதிரி. சரி, ஒழிஞ்சுதுன்னு நெனச்சேன். மூணு வாரம் போயிருக்கும், எறங்கிப் பாக்கேன், அந்தக் காப்பிக் கலருல பெருசா இருந்ததோட வயித்துல பச்சை எறங்கியிருக்கு. அடுத்த வாரம் முதுகுல நீலம். அதுக்கடுத்து வாயோரத்துல அந்த ரோஸ் மீசை. அதே எடத்துல நின்னு, அதே திமிரோட, மத்ததையெல்லாம் மேய்க்கி.

அந்தப் புள்ளகிட்ட நான் குத்துனதைச் சொல்லாம, சும்மா கேக்க மாதிரி கேட்டேன். அது சொல்லுச்சு, காப்பிக் கலரு எல்லாம் பொம்பளையாம். நீலம் ஆம்பளையாம். ஆம்பளை செத்துப்போனா இருக்கதுல பெரிய பொம்பளை நெறம் மாறி ஆம்பளையா ஆயிருமாம். வெளித்தோலு மட்டும் இல்ல, உள்ளுக்குள்ளயும் மாறிருமாம். சொல்லிட்டு என்னையவே பாத்துச்சு. "ஏன் அண்ணே, பெருசைக் காணோமா?"ன்னு கேட்டுச்சு. "எனக்கென்ன தெரியும்"னேன்.

யோசிச்சுப் பாருங்க. ஒண்ணைக் குத்துனா அடுத்தது சட்டையை மாட்டிக்கிட்டு வந்து நிக்கி. இத வச்சுக்கிட்டு மனுசன் என்ன செய்ய?

சாம்பல் புதன் கழிஞ்ச சனிக்கிழமை அந்தப் புள்ள படிப்பு விசயமா வெளியூரு போனது. ஆராய்ச்சிப் படகையும் பழுது பாக்கக் கரையேத்திட்டாவ. அஞ்சு வாரம் வேலை கிடையாதுன்னாவ. அஞ்சு வாரம். வெரட்டவும் ஆளு இல்லாம அஞ்சு வாரம் பலகையப் போட்டுட்டு வந்தா என்ன மிஞ்சும்? நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பிய?

நான் மூடுனேன். வீட்டுல கெடந்த பழைய நண்டு வலையை வெட்டி, கம்பிய வளைச்சு, ஏழு பலகைக்குக் கூண்டு செஞ்சேன். நான் கட்டுன பலகையில அந்த ஏழுதான் ரொம்ப நல்லா வந்துச்சு. கஸ்பாரு வள்ளத்துல போயி ஒரே காலையில ஏழையும் மூடிட்டு வந்தேன். ஒரு பக்கமும் மீனு நுழைய முடியாது. அந்த நீலம் வந்து வலையில முட்டி முட்டிப் பாத்துச்சு. நான் பக்கத்துலயே நின்னு அதப் பாத்துக்கிட்டு, மூச்சு முட்டுற வரைக்கும் நின்னேன்.

இந்த வருசம் தவசுக்காலத்துல மாதிரி நான் என்னைக்கும் நிம்மதியாத் தூங்குனது கிடையாது. வெள்ளிக்கிழமை தவறாமச் சிலுவைப்பாதைக்குப் போனேன். பிலோமிக்கே ஆச்சரியம். கஸ்பாரு ரெண்டு தடவை வந்து, போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோமான்னு கேட்டான். மூடியாச்சு, இனி என்னத்தப் பாக்கன்னு அனுப்பிட்டேன்.

குருத்தோலை ஞாயிறு முடிஞ்ச திங்கக்கிழமை படகு ஓடுச்சு. அந்தப் புள்ளயும் வந்துச்சு. நான்தான் மொதல்ல எறங்குனேன், அதுக்கு முன்னால போயி கூண்டை எடுத்துரணும்னு.

கூண்டு தெரியல தம்பி. ஏழு பச்சை மூட்டை தெரிஞ்சுது. வலையெல்லாம் பாசி. வலையக் கிழிச்சு உள்ள கைய விட்டா உள்ளயும் பாசி, தலைமுடி மாதிரி. விலக்கி விலக்கிப் பாக்கேன், கொம்பெல்லாம் உள்ள பழுப்பேறிச் செத்துக் கெடக்கு. அந்த நகம் அளவு நுனி இருந்த கொம்பு, அது கடிபட்ட பொறகு மறுபடி வளந்திருந்துச்சு, அதையும் தேடுனேன். தொட்டதும் உதிந்துட்டு. நான் கட்டுன நூலு மட்டும் ஆடாம இருந்துச்சு.

சுத்தி இருந்த மத்த பலகை, தெறந்து கெடந்தது, கஸ்பாரு கட்டுன ஆடுற பலகை உட்பட, நல்லா இருக்கு. அங்கங்க கடிச்ச தடம். ஆனா உசுரோட இருக்கு. ஏழாவது கூண்டுல ஒரு மூலையில வலை கிழிஞ்சிருந்துச்சு. மீனு உள்ள போயிருக்கு. அந்த மூலையில மட்டும் அஞ்சு கொம்பு பொழைச்சுக் கெடந்துச்சு, கடிச்ச அடையாளத்தோட. கிழிஞ்ச வழியா வெளிச்சம் நல்லாப் பட்டிருக்கும். அதுதான் காரணம். வேற ஒண்ணும் இல்ல.

நான் திரும்பிப் பாக்கேன், அந்தப் புள்ள எம்பின்னால நிக்கி. எவ்வளவு நேரமா நின்னுச்சோ.

படகுல ஏறுனோம். ஏசட்டும்னு இருந்தேன். ஏசுனா நானும் ரெண்டு சொல்லிட்டு வேலைய விட்டுட்டுப் போயிருப்பேன். அது ஏசல. ஈரக் கையோட சிலேட்டை எடுத்து, "தொம்மை அண்ணே, என்னைக்குப் போட்டீங்க? தேதி சொல்லுங்க"ன்னுச்சு. சாம்பல் புதன் கழிஞ்ச திங்கக்கிழமைன்னேன். வலைக்கண்ணு என்ன அளவுன்னு கேட்டுச்சு. சொன்னேன். எழுதிக்கிட்டே இருந்துச்சு. கண்ணு கலங்கியிருந்துச்சு, உப்புத் தண்ணியா என்னன்னு தெரியல. ஒரு மனுசன் தப்புச் செஞ்சா ஏசணும். தேதி கேக்கக் கூடாது.

பாஸ்கு திருநாளு, அதான் ஈஸ்டரு, கழிஞ்சு தூத்துக்குடியில ஒரு மண்டபத்துல கூட்டம். என்னையும் கஸ்பாரையும் கூட்டிட்டுப் போனாவ. எஞ்சி நிக்க பவளத்தையெல்லாம் காட்டுவாவன்னு வெள்ளை வேட்டி கட்டிட்டுப் போனேன். தெரையில என்ன படம் தெரியுது? எங்கூண்டு. ஏழு பச்சை மூட்டை. பக்கத்துல தெறந்த பலகை. கீழ தமிழ்ல எழுதியிருக்கு, "கூண்டு அமைத்தவர்: தொம்மை." அந்தப் புள்ள மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, மீனை விலக்குன எடத்துல பாசி ஏறிப் பவளம் செத்துப்போச்சு, மீனு மேய்ஞ்ச எடத்துல பொழைச்சுக்கிட்டுன்னு சொல்லுது. எல்லாரும் கை தட்டுதாவ. அம்பத்தெட்டு கொம்பு செத்ததுக்குக் கை தட்டுதாவ.

நான் எந்திரிச்சேன். கஸ்பாரு வேட்டியப் பிடிச்சு இழுத்தான். தெறந்த பலகையில மீனு கடிச்சே நாப்பத்தியொண்ணு போச்சுல்லா, அதையும் சொல்லச் சொல்லுங்கன்னேன். சொல்லிட்டேன் அண்ணே, அடுத்த படத்துல இருக்குன்னுச்சு அந்தப் புள்ள. முன் வரிசையில கண்ணாடி போட்ட ஒருத்தரு திரும்பிப் பாத்து, "நீங்க முன்னாடி பவளப்பாறை வெட்டினவர் இல்லையா?"ன்னாரு.

"இருபத்திரெண்டு வருசம்"னேன்.

"இப்ப ஏன் நடுறீங்க?"ன்னாரு.

"கூலிக்கு"ன்னேன். "வேற என்னத்துக்கு?"

சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். பஸ் ஸ்டாப்புல நிக்கேன், அந்தப் புள்ள செருப்பு சத்தம் கேக்க ஓடி வருது. கூட்டத்த அப்படியே போட்டுட்டு வந்துட்டு. கூண்டு போட்டுப் பாக்கணும்னு ரெண்டு வருசமா அனுமதி கேட்டுக்கிட்டு இருந்தேன், கிடைக்கல, நீங்க போட்டுட்டீங்கன்னு சொல்லுச்சு. எம்பேரை எடுத்துருன்னேன். "எடுக்க மாட்டேன்"னுச்சு. எடுக்கலன்னா நாளைலருந்து வேலைக்கு வர மாட்டேன்னேன். "வராட்டியும் எடுக்க மாட்டேன்"னு சொல்லிட்டு, பஸ் வார வரைக்கும் பக்கத்துலயே நின்னுச்சு. இப்பவும் அந்தப் பேரு அப்படியேதான் இருக்காம்.

வேலைக்கு நான் போகல. சொன்னா சொன்னதுதான்.

பலகைக்குப் போறது வேற. அது என் இஷ்டம். ஆடி ஆவணியில அடிக்கிற கச்சான் காத்து அடங்கின பொறகு, வாரத்துக்கு மூணு நாளு கஸ்பாரு வள்ளத்துல போறேன். கூலியும் கிடையாது, யாரும் கூப்பிடவும் இல்ல. இன்னைக்கு டவுனுக்கு எதுக்குப் போனேன்னா பிரசு வாங்க. பல் தேய்க்கிற பிரசுதான், முள்ளு கெட்டியா இருக்கது. கொம்புக்குக் கொம்பு பாசியத் தேய்ச்சு எடுக்க அதுதான் தோது, நோகாம வரும். ஒரு டஜன் ஒரு மாசம் காணாது.

அந்தப் புள்ளைக்கு யாரோ சொல்லிட்டாவ. கஸ்பாராத்தான் இருக்கும். போன் பண்ணி, "ஏன் அண்ணே வயசான காலத்துல கஷ்டப்படுறீங்க, அத மீனு பாத்துக்கிடும்"னுச்சு. மீனு பாத்துக்கிடுமா? மீனா ஒடைச்சுது? நான்ல ஒடைச்சேன். என் வேலையில மீனுக்கு என்ன பாத்தியதைன்னு கேட்டேன். "சரி அண்ணே, மெதுவாத் தேய்ங்க"ன்னு வச்சிட்டு.

முந்தாநாளு தேய்ச்சுக்கிட்டு இருக்கேன், அது வந்துச்சு. புது நீலம். நான் நகரல. முழங்கையால தள்ளுனேன். ஒரு சுத்துச் சுத்திட்டுப் பலகைக்கு அந்தப் பக்கம் வந்து குனிஞ்சுக்கிட்டு. நான் இந்தப் பக்கம் தேய்க்கேன், அது அந்தப் பக்கம் நறுக், நறுக்குங்கு. மூச்செடுக்க மேல போயிட்டு வந்தா அங்கயேதான் நிக்கி. அது பாட்டுக்கு அதுவும் என் பாட்டுக்கு நானுமா அந்தப் பலகையை முடிச்சோம். சுத்தமாத்தான் இருந்துச்சு.

எங்க ஊரு வந்துட்டு, எறங்குதேன். அந்தப் புள்ளைய எங்கயாவது பாத்தா, எனக்கும் அந்த மீனுக்கும் ராசியாயிட்டுன்னு மட்டும் சொல்லிராதிய. ஆகல.